முந்திரிக்கொட்டைக்குக் கைதட்டல்

எங்கள் எதிர் வீட்டு யாழினி யு.கே.ஜி. படிக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இறங்கினாள். அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போய் ஓடினேன். புறங்கையில் தங்கக் கலரில் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தது. டிபன் பாக்ஸில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதற்கு மிஸ் ஒட்டிவிட்டார்களாம். நனைந்தால் நட்சத்திரம் போய்விடும் என்று அன்று முழுக்க அவள் கை கழுவவில்லை. அவள் அம்மாவின் போனுக்கும் பள்ளியிலிருந்து செய்தி வந்திருந்தது, உங்கள் குழந்தை இன்று மிக நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாள் என்று. நல்லவேளை, போனில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

எங்கள் காலத்தில் நட்சத்திரமெல்லாம் கிடையாது. ஆனாலும் நல்ல பிள்ளையை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முழங்காலுக்குக் கீழே புளியங்கம்பின் தடம் இல்லாத பிள்ளை நல்ல பிள்ளை. அப்படி ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்களே, “கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சுப்புடுங்க சார்” என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எங்கள் பெரிய சாரும் பெற்றோர் சொல்லைத் தட்டாதவர்.

யாழினி கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நட்சத்திரத்தில் ஏதோ பழ வாசனை சேர்த்திருக்கிறார்கள். ஸ்ட்ராபெரி என்றாள். எனக்கென்னவோ முந்திரிப்பழ வாசனைதான் அடித்தது. எந்தப் பழத்தை முகர்ந்தாலும் என் மூக்கு கடைசியில் முந்திரியில் போய் நின்றுவிடும். ஆண்டிமடத்துப் பக்கம் பிறந்தவர்களின் மூக்கு அப்படித்தான். மாசி பங்குனியில் ஊரே அந்த வாசனையில் ஊறிக் கிடக்கும். பழத்தைக் கடித்தால் இனிக்கும், உடனே தொண்டையில் கரகரக்கும். சாறு சட்டையில் பட்டால் கறை ஆயுசுக்கும் போகாது. எங்கள் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தால் எந்த வகுப்பில் எத்தனை வருஷம் படித்தோம் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, முந்திரிக் கொல்லையை ஒட்டி இருந்தது. ஒரே ஒரு நீளக் கூடம். ஐந்து வகுப்பும் அதில்தான். ஆசிரியர்கள் இரண்டு பேர். கூடத்தின் ஒரு மூலையில் மேசை நாற்காலி போட்டால் அது பெரிய சாரின் ஆபீஸ். அவர் ஜெயங்கொண்டத்திலிருந்து சைக்கிளில் வருவார். மோசமான மனிதர் இல்லை. பாடம் நடத்தும்போது கதை சொல்வார், கதைக்கு நடுவில் அடிப்பார், அடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். ஆக, எங்களுக்கு இரண்டிலும் குறை வைத்ததில்லை.

நான் நாலாவது படித்தபோது, அரைப்பரீட்சை லீவு முடிந்து சகுந்தலா டீச்சர் வந்தார். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர். பயிற்சி முடித்து வந்த முதல் வேலை. ஆண்டிமடத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, டவுன் பஸ்ஸில் வந்து போவார். முதல் நாள் பெரிய சார் உத்திரத்தில் செருகியிருந்த கம்புகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாழ்த்துச் சொல்லிக் கொடுப்பதுபோல் டீச்சரிடம் நீட்டினார்.

“வேணாங்க சார்,” என்றார் டீச்சர்.

“என்ன டீச்சர் வேணாங்கறீங்க? இதுங்கள வெறும் வாயால மேய்க்க முடியாது.”

“நல்லது செஞ்சா கை தட்டுவோங்க சார். அதுக்கு ஆசப்பட்டே புள்ளைங்க நல்லது செய்யும்.”

பெரிய சார் சிரித்துவிட்டார். கம்பைத் தம் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். “முழுப்பரீட்ச வரைக்கும் ஒங்க இஷ்டத்துக்குச் செய்யுங்க. நானும் தொடல. ஆனா வெளியிலேருந்து ஒரு புகார், ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னா, அன்னைக்கு இந்தக் கம்ப நீங்க கையில எடுத்துதான் ஆவணும். அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

டீச்சர் ஒப்புக்கொண்டார். ஆபீஸ் கூடத்தின் மூலையிலேயே இருந்ததால் இந்த ஒப்பந்தம் முழுவதையும் ஐந்து வகுப்பும் காதால் கேட்டது. எங்களைப் பற்றி ஊரில் புகார் வராத நாளே கிடையாது என்பது டீச்சருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒரு பயல்கூட ஒரு ஓணானின் மேல்கூடக் கல் எறியவில்லை.

டீச்சரின் ஏற்பாடு இதுதான். வழியில் எதையாவது கண்டெடுத்தால் நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். காலை பிரார்த்தனை முடிந்ததும் ஒப்படைத்தவர் முன்னால் வந்து, “நான் கண்டெடுத்த பொருள் இது, கண்டெடுத்த இடம் இது, கீழே கிடந்தது என்னுடையது அல்ல” என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே பள்ளிக்கூடமே கை தட்டும். தட்டி முடியும்வரை அவர் அங்கேயே நிற்கலாம்.

நீங்கள் கைதட்டலை எப்போதாவது நின்று வாங்கியிருக்கிறீர்களா? அதுவும் அதுவரை கன்னத்தில் மட்டுமே சத்தம் கேட்டிருந்த பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! இரண்டாவது படித்த என் தங்கை கொளஞ்சி முதல் வாரமே ஒரு சிலேட்டுக் குச்சியைக் கண்டெடுத்துக் கொடுத்துக் கைதட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்தும் அம்மாவைத் தட்டச் சொன்னாள். அப்பாவைத் தட்டச் சொன்னாள். மாடு தட்டாது என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. கண்ணைத் தரையிலேயே நட்டுக்கொண்டு நடந்து, ஒருநாள் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தேன். அருமையான கைதட்டு. சாயங்காலம் அம்மாதான் கண்டுபிடித்தாள், என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்று. மறுநாள் டீச்சரிடம் போய் அடையாளம் சொல்லி வாங்கி வந்தேன். அதற்கும் கை தட்டுவார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தட்டவில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் பொருளைத் தொலைக்கிற அளவுக்கு யாரிடமும் பொருள் கிடையாது. கண்டெடுக்கப் போட்டி அதிகம், கண்டெடுக்கச் சரக்கு இல்லை. அஞ்சாவது படித்த கலியமூர்த்தி, ஊர்த் திருட்டுத்தனங்கள் எல்லாவற்றிலும் பங்கு உள்ளவன், ஒருநாள் பித்தளையில் ஒரு சுண்ணாம்பு டப்பியைக் கொண்டுவந்து நீட்டினான்.

“எங்க கெடந்துச்சு?” என்றார் டீச்சர்.

“எங்க வூட்டு மாடத்துலங்க டீச்சர்.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டில் இருப்பது கணக்கில் சேராது, கீழே கிடக்க வேண்டும் என்று விளக்கினார். கலியமூர்த்தி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கீழே கிடக்க வேண்டும், அவ்வளவுதானே!

இந்த இடத்தில் முந்திரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாங்காய் தேங்காய்போல முந்திரியை மரத்தில் பறிப்பதில்லை. பழம் பழுத்துத் தானாக விழும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டைக்குத்தான் விலை. விழுந்ததைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிடுவார்கள். அதாவது, முந்திரியில் மகசூல் முழுவதுமே கீழே கிடப்பதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பிறக்கும்போதே தெரியும். பாதையில் விழுந்த கொட்டை பார்த்தவருக்கு, வேலிக்குள் விழுந்தது கொல்லையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு. நாங்கள் வேலிக்குள் விழுந்ததையும் கொஞ்சம் ‘பார்த்து’, டவுசர் பையில் போட்டுக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு வரும் ஐஸ்காரரிடம் சேமியா ஐஸ் வாங்கிவிடுவோம். அவர் காசைவிடக் கொட்டையைத்தான் பிரியமாக வாங்குவார்.

ரஞ்சன்குடிப் பக்கம் சோளமும் கம்பும் உண்டு, முந்திரி கிடையாது. டீச்சருக்கு முந்திரி என்றால் பாயசத்தில் மிதப்பது.

மாசிக் கடைசியில் கலியமூர்த்தி இரண்டு கை நிறையக் கொட்டையோடு பிரார்த்தனையில் முன்னால் வந்தான். “நான் கண்டெடுத்த பொருள் முந்திரிக்கொட்டை. கண்டெடுத்த இடம் மரத்தடி. கீழே கிடந்தது என்னுடையது அல்ல.” டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே முரடன் என்று சொன்ன பையன், தின்னக்கூடிய பொருளைத் தின்னாமல் கொண்டுவந்திருக்கிறான்! அவனுக்கு விழுந்த கைதட்டல் போல நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அந்தக் கணமே புத்தி விழித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஐந்து வகுப்பும் விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லைக்குள் இறங்கியது. குத்தகைக்காரரிடம் கூலிக்குக் கொட்டை பொறுக்கும் பெண்கள் வருவதற்குள் எங்கள் கண்டெடுப்பு முடிந்துவிடும். கூடத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின் நிரம்பி, இன்னொன்று வைத்தார்கள். பிரார்த்தனை முடிய வெயில் ஏறிவிடும், உள்ளங்கை சிவந்துவிடும். ஐஸ்காரர் பள்ளிக்கூட வாசலில் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, எங்களுக்கு ஏதோ காய்ச்சல் கண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார். டீச்சர் வெளிச்சுவர்க் கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டார்: ‘முந்திரிக்கொட்டைகள் கிடைத்துள்ளன. உரியவர் தக்க அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்.’ முந்திரிக்கொட்டைக்கு என்ன அடையாளம் சொல்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாததால் ஒருவரும் வரவில்லை.

பெரிய சார் இருந்திருந்தால் முதல் நாளே இந்தக் கூத்தை மூட்டை கட்டியிருப்பார். அவர் அப்போது ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும் வேலையில் ஊர் ஊராக வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, டின்களைப் பார்த்து, “என்ன டீச்சர் இது?” என்று வாய் திறந்த அதே காலையில்தான் குத்தகைக்காரர் தங்கராசு உள்ளே வந்தார்.

தங்கராசு கத்திக்கொண்டு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னால் பொறுக்குப் பெண்கள் வெறுங்கூடைகளோடு நின்றார்கள். “சார், ஒரு வாரமா என் கொல்லையில கொட்டையக் காணும். திருட்டுப் போறது வழக்கந்தான். ஆனா இந்தத் திருடன் பழத்தத் திருவி மரத்தடியில ஒரே எடமா குமிச்சி வச்சிட்டுப் போறான். சுத்தமா இருக்கு கொல்ல. எங்கூட்டுல கூட அப்பிடிக் கூட்ட மாட்டாங்க. எந்த ஊர்த் திருடன் சார் இப்பிடிச் செய்வான்?” கண்ட இடத்தில் குப்பை போடக் கூடாது என்பதும் டீச்சரின் பாடம்தான். சொல்லிவிட்டுத் தங்கராசு டின்களைப் பார்த்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்தார். “புள்ளைங்கள வுட்டுப் பொறுக்கச் சொல்றீங்களா டீச்சர்?”

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. கீழே கிடந்ததுதானே என்று ஏதோ சொல்ல வந்தார். பெரிய சார் தலையில் அடித்துக்கொண்டு, முந்திரி எப்படி மகசூல் ஆகும் என்பதை அங்கேயே அவருக்குச் சொன்னார். பாதி கேட்கும்போதே டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய சார் எழுந்து, நாற்காலிக்குப் பின்னாலிருந்து கம்பை எடுத்து டீச்சரின் கையில் வைத்தார். “புகார் வந்துருச்சு டீச்சர். பேசுனது பேசுனதுதான்.”

டீச்சர் கம்பைப் பிடித்திருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுப்பங்கரையில் செத்த பல்லியை எடுத்துப் போடுகிறவர்போல நுனி விரலால் பிடித்திருந்தார். குரல் எழும்பவில்லை. “யாரு எடுத்தீங்க?” என்றார்.

இதே கேள்வியைப் பெரிய சார் கேட்டிருந்தால் ஐந்து வகுப்பும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவனைக் கைகாட்டியிருக்கும். கேட்டது டீச்சர். அதனால் எல்லோரும் கையைத் தூக்கினோம். எதற்குத் தூக்குகிறோம் என்று பெரிய வகுப்புக்குப் புரிந்து கைகள் மெல்ல இறங்கத் தொடங்கிய நேரத்தில், என் தங்கை எழுந்து முன்னால் போய்விட்டாள். நான் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் போனாள்.

“நான் கண்டெடுத்த பொருள் முந்திரிக்கொட்டை. கண்டெடுத்த இடம் தங்கராசு மாமா கொல்ல, கெணத்துப் பக்கத்து மரத்தடி. கீழே கிடந்தது என்னுடையது அல்ல.”

சொல்லிவிட்டு நின்றாள். யாரும் அசையவில்லை. அவள் போகவும் இல்லை. தட்டி முடியும்வரை நிற்கலாம் என்பதுதானே சட்டம்? தட்டவே ஆரம்பிக்காவிட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்திச் சொன்னாள்: “டீச்சர், கை தட்டல.”

கையில் கம்பு இருந்தால் கை தட்ட முடியாது. டீச்சர் அவளைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். கம்பைப் பெரிய சாரின் மேசைமேல் வைத்துவிட்டுத் தட்டினார். ஒற்றை ஆளாகத்தான் தட்டினார், அழுதுகொண்டே. பிறகு நாங்களும் தட்டினோம். என் கண் பெரிய சாரின் மேல்தான் இருந்தது, என்ன செய்வாரோ என்று.

அவர் ஒன்றும் செய்வதற்குள் தங்கராசு டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளிப் பார்த்தார். ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்தார், அடுத்ததையும் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

“சார், வருஷா வருஷம் இந்தப் பயலுவ ஐஸ்காரன்ட்ட எங்கொட்டையப் போட்டுட்டு நக்கிக்கிட்டுத் திரியறானுவ. நீங்களும் அடிக்கிறீங்க, நானும் அடிக்கிறேன். ஒரு கொட்ட திரும்பி வந்ததில்ல. இந்த வருஷந்தான் அப்பிடியே இருக்கு!”

“அப்ப புகார்?” என்றார் பெரிய சார்.

“நான் எங்க சார் புகாருன்னு சொன்னேன்? விசாரிச்சேன்.”

பேச்சு மாறக் கூடாது என்று சொன்னவர் பெரிய சார்தான். கம்பை எடுத்து மறுபடி நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். தங்கராசு அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர் என்றே முடித்திருக்கலாம். போகும்போது டீச்சரிடம் குழைந்தார். “சீசன் முடியற வரைக்கும் புள்ளைங்க இப்பிடியே பொறுக்கட்டுமே டீச்சர். வெரசாவும் பொறுக்குதுங்க, கொல்லையும் சுத்தமா இருக்கு.”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒங்களுக்குக் கூலியாள் இல்லைங்க,” என்றார் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாலும் குரல் எழும்பியிருந்தது. பின்னால் நின்ற பொறுக்குப் பெண்கள்தான் அதற்கு முதலில் சிரித்தார்கள், அவர்கள் பிழைப்பாயிற்றே. அன்றே சட்டம் திருத்தப்பட்டது. வேலிக்கு உள்ளே கிடப்பது தொலைந்த பொருள் ஆகாது. முழுப்பரீட்சை வரை அந்தக் கம்பு நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்து, அதில் சிலந்தி கூடு கட்டியது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சர் இல்லை. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே மாறுதல் கிடைத்துவிட்டது. எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு வழியில்லை, லீவில் உத்தரவு வந்திருக்கிறது. அவர் இடத்துக்கு ஒரு சார் வந்தார். வந்த அன்று பெரிய சார் கம்பை நீட்டினார், இவர் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் கொளஞ்சி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பேனாவைக் கண்டெடுத்தாள். நல்ல பேனா, தங்கக் கலர் மூடி போட்டது. புது சாரின் முன்னால் போய் நின்று, கண்டெடுத்த பொருள், இடம், என்னுடையது அல்ல என்று ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு வழக்கம்போல நின்றாள். சார் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கடி திருடுன?” என்றார். அவள் கைதட்டலுக்காகவே நின்றுகொண்டிருந்தாள். நிற்கிற திமிரைப் பார் என்று இரண்டு உள்ளங்கையிலும் விழுந்தது.

அடுத்த மாசியில் ஐஸ்காரரின் வியாபாரம் பழையபடி சூடு பிடித்தது. தங்கராசுதான் துடித்துப்போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆண்டிமடம் யூனியன் ஆபீசுக்குப் போய், அந்த டீச்சரம்மாவைத் திரும்ப எங்கள் ஊருக்கே போடவேண்டும் என்று கேட்டாராம். பாடம் அவ்வளவு நன்றாக நடத்துவாரா என்று அதிகாரி கேட்க, “அது எனக்குத் தெரியாதுங்க, கொட்ட திரும்பி வரும்” என்றாராம். ஆபீசே சிரித்து அனுப்பிவிட்டது.

தங்கராசு இப்போது இல்லை. அவர் குத்தகைக்கு எடுத்த கொல்லையில் தைல மரம் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறி வெளியூர் போய்விடுவதால் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கொளஞ்சி திருப்பூரில் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். போன தீபாவளிக்குத் துணி எடுக்க அவளோடு கடைவீதிக்குப் போனேன். முன்னால் போன ஒரு பெண்ணின் கொலுசு கழன்று, கொளஞ்சியின் காலடியிலேயே விழுந்தது. இவள் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நடந்தாள். நான்தான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். “குனிஞ்சு எடுத்தா என்னடி?” என்றேன். இடுப்பு வலி என்றாள்.